தணிகாசலத்துக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்

செய்தி வந்தபோது நான் சின்னசேலம் ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். பல் பிடுங்கப் போகிற வேலை. அவர் மனைவி செல்விதான் போன் செய்தார். "அண்ணே, அவுரு காலையில போயிட்டாருங்க. டீ குடிச்சாரு, டம்ளர கீழ வெச்சாரு, அவ்ளோதான்" என்றார். அழவில்லை. "வெயில்ல அலையாதீங்க, சாயந்திரமாத்தான் எடுப்பாங்க" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார். நான் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, வடக்கனந்தல் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் கடைவாய்ப் பல் வலித்துக்கொண்டே வந்தது. துக்கத்தில் பல்வலி மறந்துபோகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தணிகாசலம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைப் படிப்பவர்களில் பலர் அவரை வரப்பின்மேல் குடையும் அளவுச் சங்கிலியுமாகப் பார்த்திருப்பீர்கள். "சங்கிலிக்கு மாமனும் தெரியாது, மச்சானும் தெரியாது" என்பார். அப்படியே நடந்தும் கொண்டார். அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் நிறையப் பேர். வேலையில் அவர் எப்படி என்பதை அவருடைய ஆபீஸ்காரர்கள் எழுதட்டும். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். அவர் நடத்திய ஓர் ஆட்டம், அதை அவர் நிறுத்திய விதம், நிறுத்தியதற்கு நான் ஊரில் சொல்லி வைத்த காரணம். அந்தக் காரணம் பொய். அதைச் சொல்லிவிடத்தான் இவ்வளவும்.

ஆட்டத்தின் பெயர் மலைத் தாலுகா. அவரை ஒருமுறை அளவை வேலைக்காகக் கல்வராயன் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிமலைப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கல். விடாத மழை. வெளியே இறங்க முடியாமல், பாழாய்ப்போன ஒரு வரைபடத் தாளின் பின்பக்கத்தில் இல்லாத ஒரு தாலுகாவை வரைந்திருக்கிறார். ஆறு, ஓடை, சந்தை, பதினொரு கிராமம், கடுக்காய் மரம் நிற்கும் இடம் உட்பட எல்லாம் அளவு பிசகாமல். கீழே இறங்கி வந்ததும் அதை வீட்டு மேஜைமேல் விரித்து எங்களைக் கூப்பிட்டார். நான் அப்போது கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மற்றொருவர் மோட்டார் காயில் கட்டும் காதர். மூன்றாவது ஆள் செல்வி.

ஆடும் முறை எளிது. எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்தத் தாலுகாவில் ஓர் ஆள். நான் உப்பு வியாபாரி குப்புசாமி. இரண்டு கழுதை சொந்தம். காதர் மாட்டு டாக்டர், ஆனால் படிக்காத டாக்டர். செல்வி காட்டிலாகா ரேஞ்சர். என்ன நடக்கிறது என்று தணிகாசலம் சொல்வார். நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வந்தால், ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய ஆறு புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளை எத்தனை விழுந்தது என்று பார்ப்போம். ஜெயிப்பது தோற்பது கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த மாதிரி ஆட்டங்களை வெளிநாட்டில் பெட்டி போட்டு விற்கிறார்கள் என்று வெகு காலம் கழித்து ஒரு பையன் சொல்லித் தெரிந்துகொண்டேன். தணிகாசலத்திடம் சொன்னபோது, "பொட்டி வேறயா" என்றார்.

ஆட்டத்தில் நாங்கள் எவ்வளவு தூரம் முழுகிப்போனோம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். காதரின் டாக்டருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையில் கல்யாணம் நடந்தது. மறுநாள் காதர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். "யாருக்கு பாய் கல்யாணம்?" என்று கேட்டவர்களிடம், "எங்க டாக்டருக்கு" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் மொய் எழுத எந்த மண்டபம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். தணிகாசலத்திடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால், "அப்ப பொண்ணு வூட்டுக்காரங்க யாரு எவுருன்னு இந்த வாரத்துக்குள்ள நான் ரெடி பண்ணணுமே" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சு அன்று யார் காதிலும் ஏறவில்லை.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மத்தியானம். அவருக்கு வாரம் முழுக்க வேலை. பகலெல்லாம் நிஜ நிலத்தை அளந்துவிட்டு வந்து, சாயந்திரம் இல்லாத நிலத்துக்கு ஆள் அம்பு தயார் செய்ய வேண்டும். நான் சும்மா இருந்தேனா? எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைக்கும்போதெல்லாம் அவருடைய ஆபீசுக்குப் போன் போட்டு, "யோவ், சந்தையில உப்பு வெல கம்மியா சொல்லிட்ட போன வாரம், அது ஞாயமே இல்ல" என்று சண்டை பிடிப்பேன். ஆபீசில் ஆள் இருப்பதால் அவர், "பட்டா விஷயமா? மனு குடுங்க, பாக்கலாம்" என்று பதில் சொல்லி வைத்துவிடுவார். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

பிறகு மழை வந்தது. மலைத் தாலுகாவில்தான். ஒரு ஞாயிறு உட்கார்ந்ததும், "மழ பெய்து" என்றார். சரி, பெய்யட்டும். அடுத்த ஞாயிறும் மழை. மூன்றாவது ஞாயிறும் மழை. செல்விக்குப் பொறுக்கவில்லை.

"எத்தினி வாரமா மழையே பேஞ்சிகினு இருக்கும்? என் ரேஞ்சரு குடிசைய வுட்டு வெளிய வர வாணாமா?"

"வேற ஒண்ணும் தோணல" என்றார் தணிகாசலம். கொட்டாவி விட்டார்.

அதைக் கேட்டுத்தான் எனக்கு வீம்பு வந்தது. மழையாவது மண்ணாவது, குப்புசாமி இன்றைக்கு ஆற்றைக் கடந்தே தீருவான் என்றேன். இரண்டு கழுதைமேலும் உப்பு மூட்டை. ஆற்றின் நடுவில் வந்து நிற்கிறான், இடுப்புவரை தண்ணீர். கொட்டையைக் குலுக்கக் கை நீட்டினேன். "அடுத்த வாரம் போட்டுக்கலாம்பா" என்று அவர் கொட்டைகளை எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

அடுத்த வாரம் யாரும் எங்கேயும் போக முடியவில்லை. இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல். சேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பால் இல்லை. எக்ஸ்சேஞ்சில் நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்தேன். மறியல் செய்தவர்கள் என் சாதிக்காரர்கள். என் மச்சானும் அதில் நின்றவன்தான். தணிகாசலம் வேறு சாதி. அதுவரை எங்கள் நாலு பேருக்குள் அந்தப் பேச்சே வந்ததில்லை. ஆனால் அந்த வருடங்களில் கள்ளக்குறிச்சியில் இருந்தவர்களுக்குத் தெரியும், டீ குடிக்கப் போனால்கூட யார் எந்த பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம்.

ரோடு திறந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆவலாகப் போனேன். மேஜை காலியாக இருந்தது. வரைபடம் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது.

"இனிமே வாணாம்பா" என்றார்.

"இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. போதும்னு தோணுது. இஷ்டம் போயிடிச்சி."

"போன தடவவரைக்கும் இருந்த இஷ்டம் இப்ப எங்க போச்சி?" என்று கேட்டேன்.

"போன தடவயும் இல்ல. அதான் மழ பேஞ்சிது" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது. ஆனால் நான் நம்பவில்லை. காதர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். தான் கடைப் பாக்கியைக் கேட்டதில் கோபம் போலிருக்கிறது என்றார். செல்விகூட, மேலதிகாரி யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு ஒரே ஒரு காரணம்தான் பட்டது. போன வாரம் மறியல், இந்த வாரம் கதவடைப்பு. வேறு என்ன வேண்டும்? அந்த வருடங்களில் தலைவலிக்குக்கூடச் சாதிதான் காரணம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், என் ஆட்கள் நாலு பேர் இருக்கும்போது, "தணிகாசலத்துக்கு நம்ம ஜனம் வூட்டுக்குள்ள வரது ஆவல. என்னையே வர வாணாம்னுட்டான்" என்று சொன்னேன். சொன்னபோது இருந்த வருத்தம் நிஜம். காரணம் மட்டும் நான் வைத்தது.

பேச்சு நடந்து போகவில்லை, ஓடிற்று. இரண்டு மாதத்துக்குள் வடக்கனந்தல் பக்கம் ஒரு பாகப்பிரிவினை நிலத்தை அளக்கப் போன தணிகாசலத்தை வரப்பிலேயே மறித்திருக்கிறார்கள். "எங்க ஆளுங்கள வூட்ல சேக்காதவன் எங்க நெலத்துல இன்னாத்துக்குக் கால வெக்கிற?" என்று கேட்டு, சங்கிலியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். சங்கிலி கைதவறிக் கிணற்றில் விழுந்துவிட்டதாக ஆபீசில் எழுதிக் கொடுத்தார் தணிகாசலம். யார் பேரையும் சொல்லவில்லை. எனக்குக் காதர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு வருத்தம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. "வேணும்" என்று தோன்றியது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

அதற்குப் பிறகு பல வருடம் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணம் கருமாதியில் பார்த்தால் தலையசைப்பு. அவ்வளவுதான்.

நான் திருந்தியது நல்ல புத்தியால் அல்ல. எனக்கும் ஒரு பைத்தியம் இருந்தது. பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதுவது. வாரம் நாலு கடிதம், இருபது வருடத்துக்கு மேல். ரயில்வே கேட்டிலிருந்து ரேஷன் அரிசிவரை நான் தொடாத விஷயம் இல்லை. ஒருநாள் காலை பேனாவை எடுத்தேன், ஒன்றும் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் முந்தின வருடம் எழுதிய கடிதத்தையே மாற்றி எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் இப்படி ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டேன். தெரிந்தவர்கள் விடுவார்களா? "எந்தக் கட்சிக்காரன் மெரட்டினான் சார்?" என்றார் ஒருவர். "புள்ளைக்கி வேல கேட்டுக்கினு இருக்காரு, அதான் வாய மூடிக்கினாரு" என்று இன்னொருவர் சொன்னதாகக் கேள்வி. "அட, இஷ்டம் போயிடிச்சிய்யா" என்று நான் கத்தினேன். கத்திய பிறகுதான் அந்த வார்த்தையை முன்னால் எங்கே கேட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாளே வடக்கனந்தல் போனேன். செல்வியின் அப்பா கொடுத்த மனையில் அதற்குள் வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சங்கிலியைக் கிணற்றில் போட்ட அதே ஊர். தணிகாசலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர்கூட இல்லை.

"இன்னாபா பண்ற?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல" என்றார். "உக்காரு."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மறியல், டீக்கடை, கிணறு எல்லாம். தப்பு என்றேன். முடித்ததும் அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது.

"நீ நம்பாதது இருக்கட்டும். நானே நம்பலயே. ஊரே ஒண்ணு சொல்லுதே, ஒருவேள அப்டித்தானோன்னு எனக்கே டவுட்டு வந்துடிச்சி. நம்ம மனசுல அவ்ளோ அழுக்கு இருக்குதா, அதான் புடிக்காமப் போச்சான்னு எத்தினி நாளு ஒக்காந்து தோண்டிப் பாத்திருக்கேன் தெரியுமா? ஒண்ணும் கெடைக்கல. அலுத்துப்போச்சின்றது மட்டும்தான் இருந்திச்சி. இவ்ளோ சின்னக் காரணத்த வெளிய எப்டிச் சொல்றது, சொல்லு."

எனக்கு அழுகை வந்தது. செல்வி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, போவட்டும் வுடுங்க" என்றார்.

அந்த அலுப்பிலிருந்து எப்படி மீண்டு வந்தார் என்று கேட்டேன். எனக்கும் அப்போது அது தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை பரபரக்குமாம். கேரம்போர்டு வாங்கலாமா, தபால்தலை சேர்க்கலாமா என்று கிடந்து தவித்தாராம். செல்விதான் அதட்டியிருக்கிறார். "ஒண்ணு போனா ஒடனே இன்னொண்ணு புடிக்கணும்னு எவன் சொன்னான்? சும்மா இருய்யா கொஞ்ச நாளு" என்று. அப்புறம் ஒரு ஞாயிறு மலை பஸ்ஸில் ஏறி வெள்ளிமலை போய், ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். அடுத்த மாதமும் அப்படியே. "எத்தினியோ தடவ அந்த மலைக்குப் போயிருக்கேன். சங்கிலி இல்லாம போனது அப்பதான். எதையும் அளக்கல. எவனையும் எதுலயும் சேத்துக்கல. பாத்துக்கினு வந்தேன், அவ்ளோதான்" என்றார். ஆட்டம் திரும்பிப் பிடித்ததா என்றேன். "இல்ல. அது போனது போனதுதான். போனா இன்னா? இருந்த வரைக்கும் ஜோராத்தான இருந்திச்சி."

டீக்கடைக்குப் போய் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "யாரு இருக்காங்க அங்க இப்ப? கடையே இல்லியே" என்று சிரித்தார். சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். காதர் இருந்தவரை அவரும் வருவார். மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

அந்தப் பேச்சைத் திருத்தாமல் விட்டது தப்பு என்று தணிகாசலத்தை எடுத்த அன்றுதான் தெரிந்தது. பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும், அந்த ஊர்க்காரர். மாலை வாங்கி வந்தவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"நல்ல மனுசன்தாங்க. ஒரு பைசா லஞ்சம் வாங்காதவரு. ஆனா நம்ம ஆளுங்கள மட்டும் வூட்ல சேக்க மாட்டாரு."

"அது பொய்ங்க" என்றேன். "நான் கெளப்பிவுட்ட பொய்."

"உங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். "எங்கப்பா சொன்னாரு."

அவருடைய அப்பாவுக்குச் சொன்னவனுக்குச் சொன்னவன் நான். என் பேச்சு அவரிடம் எடுபடவில்லை. பறையடி தொடங்கிவிட்டது, எழுந்து நின்றோம்.

அதனால்தான் விட்டுப்போன பழக்கத்தை மறுபடி தொட்டு இதை எழுதுகிறேன். தணிகாசலத்தை அறிந்தவர்களே, அவர் யாரையும் வீட்டில் சேர்க்காமல் இருந்ததில்லை. பிடித்துச் செய்த ஒன்று ஒருநாள் அவருக்கு அலுத்துவிட்டது. அவ்வளவுதான். உங்கள் அப்பா வேறு சொல்லியிருந்தால், அது என்னிடமிருந்து போனது.

மலைத் தாலுகா வரைபடம் வேண்டுமா என்று காரியத்தன்று செல்வி கேட்டார். அது ரேஞ்சரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தணிகாசலத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு. மன்னிப்புக் கேட்கப் போன அன்று, கிளம்பி வாசல்வரை வந்தவன் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"யோவ், என் ஆளு இன்னும் ஆத்துல நின்னுக்கினு இருக்கான்யா. கொட்டையாவது போட வுடு."

தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டப்பாவையும் கேட்கவில்லை.

"கொட்டையெல்லாம் வாணாம்பா. மழ அன்னிக்கே நின்னுடிச்சி, நாந்தான் சொல்லாம வுட்டுட்டேன். குப்புசாமி கரையேறிட்டான்."

"உப்பு?"

"கொஞ்சம்தான் நனைஞ்சிது" என்றார்.